உலமிலா வேலை கேட்கப் போன கதை

1

இந்தக் கதையை நான் எடுத்துக்கொண்டேன். யாரும் கொடுக்கவில்லை.

எடுத்த இடம், கல்லூரி உணவகத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கிற மேசை. எடுத்த நாள், மழை பெய்த ஒரு செவ்வாய். (எங்கள் தீவுத் தலைநகர் சுவாவில் மழையை வைத்து நாளை அடையாளம் காண முடியாது. இருந்தாலும் கதை என்று வந்துவிட்டால் வானத்துக்கும் ஏதாவது வேலை கொடுக்க வேண்டும்.) உலமிலா தன் வகுப்புத் தோழன் பிரஷ்னீலிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்து மேசையில் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, வாயை இங்கும் காதை அங்கும் வைத்திருந்தேன். உருளைக்கிழங்குக் கறி ஆறிப்போனது. கதை சுடச்சுட வந்தது. எழுந்து போகும்போது அது என் பையில் இருந்தது.

மறுநாள் அவளிடமே சொன்னேன். "உங்க கதைய எழுதப் போறேன். காலேஜ் பத்திரிகைக்கு."

"கேக்கறியா, சொல்றியா?"

"சொல்றேன்."

"அப்ப சரி. கேட்டிருந்தா முடியாதுன்னு சொல்லியிருப்பேன்."

இந்தப் பதிலின் கனம் எனக்கு ஐந்தாம் பகுதியை எழுதும்போதுதான் உறைத்தது. உங்களுக்கு ஆறாம் பகுதியில் உறைக்கலாம். அவசரமில்லை. வணிகவியல் மாணவர்களும் படிக்கும் பத்திரிகை இது, மெதுவாகத்தான் போகப்போகிறேன்.

2

தொடக்கங்கள்.

முதலாவது: 'நாற்பத்து நான்கு வயதில் உலமிலாவின் கண்களில் ஒரு கனவு மின்னியது.' இதைப் படித்துவிட்டு அவள், "மின்னலும் இல்ல, இடியும் இல்ல. கண்ணாடிய மாத்தச் சொல்லி டாக்டர் சொன்னாரு, அவ்ளோதான்," என்றாள். அடித்துவிட்டேன்.

இரண்டாவது: 'கற்பதற்கு வயது' (இந்த வாக்கியத்தை நீங்களே மனதுக்குள் முடித்துவிட்டீர்கள். வாசகர் முடித்துவிடுகிற வாக்கியத்துக்கு எழுத்தாளன் எதற்கு? கைவிடுகிறேன்.)

மூன்றாவது இதுதான், இதுவே இருக்கட்டும்.

உலமிலா இருபத்து மூன்று வருடம் ஒரு பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. நெட்பால் மைதானத்தில் அவள் விசில் ஊதினால் தெருவில் போகிற பஸ் நிற்கும் என்பார்கள். நின்றதை நான் பார்த்ததில்லை. ஆனால் ஓட்டுநர் காலைத் தூக்கி யோசித்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு நாள் ஆசிரியர்களின் ஓய்வுக்காலச் சேமிப்பைப் பார்த்துக்கொள்ளும் முதலீட்டு நிறுவனத்திலிருந்து ஒரு இளைஞன் வந்தான். டை கட்டியிருந்தான். சுவரில் படம் காட்டினான். படத்தில் ஒரு கோடு கீழிருந்து மேலே போனது.

"நீங்க தூங்கறப்பக்கூட உங்க பணம் உங்களுக்காக உழைச்சிட்டிருக்கு," என்றான்.

உலமிலா கையைத் தூக்கினாள். "எங்க?"

"என்ன எங்க?"

"எங்க உழைக்குது? எந்த எடத்துல?"

அவன் சிரித்தான். "அது கொஞ்சம் நுணுக்கமான விஷயம் டீச்சர். நீங்க பந்தப் பாத்துக்கங்க. பணத்த நாங்க பாத்துக்கறோம்."

ஆசிரியர் அறை முழுக்கச் சிரித்தது. உலமிலாவும் சிரித்தாள், கூட்டத்தில் தனியாகச் சிரிக்காமல் இருப்பது எவ்வளவு சிரமம் என்று உங்களுக்கே தெரியும். அன்று வீட்டில் மரவள்ளிக்கிழங்கை அவள் உரித்த வேகத்தில், தோலோடு பாதிக் கிழங்கும் போயிற்று. அடுத்த பருவத்திலேயே நிதித்துறைப் பட்டப்படிப்பில் மாலை வகுப்புக்குச் சேர்ந்தாள். கடைசி வருடம் முழுநேரம் படிக்க வேண்டியிருந்தது. வேலையை விட்டாள்.

அவள் கணவர் செமி அதிகம் பேசாதவர். ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"விசில திருப்பிக் குடுத்துட்டியா?"

"இல்ல. கைப்பையில இருக்கு."

"அப்ப சரி."

3

இப்போது பிரஷ்னீல். இருபத்தொரு வயது, பக்கத்து ஊரான நௌசோரிக்காரன். வகுப்பில் எல்லோரும் உலமிலாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட, இவன் மட்டும் 'டீச்சர்' என்பான். இவனுடைய அக்கா உலமிலாவிடம் நெட்பால் விளையாடியவள். சில பயங்கள் குடும்பச் சொத்து, பிரிக்க முடியாது.

(ஒரு சந்தேகம். இவ்வளவு நல்ல பையன் கதைக்குத் தேவையா? நல்லவர்கள் கதையில் இடத்தை அடைப்பார்கள். ஆனால் நேர்முகத் தேர்வுக்கு உலமிலாவைத் தயார் செய்தவன் இவன்தான். ஆக, எல்லாக் குழப்பத்துக்கும் வேர் இவன். இருக்கட்டும்.)

முதல் வாரமே பேராசிரியர் கரும்பலகையில் எழுதிப் போட்டார்: இன்றைக்குக் கையில் இருக்கிற ஒரு டாலர், நாளைக்கு வரப்போகிற ஒரு டாலரைவிட மதிப்பு கூடியது.

"எங்க ஊர்ல எல்லாருக்கும் இது தெரியும்," என்றாள் உலமிலா. "அதான் யாரும் நாளைக்குன்னு எதையும் வைக்கிறதில்ல."

பெரும்பாலான பாடங்களில் அவள் நடுத்தரம்தான். புள்ளியியலில் இரண்டு முறை அழுதாள், ஒரு முறை கால்குலேட்டரை எறிந்தாள். (பிரஷ்னீல் கேட்ச் பிடித்தான். அக்காவின் பயிற்சி.) ஆனால் அவள் வாங்கியதிலேயே மோசமான மதிப்பெண் தொழில் நெறிமுறைப் பாடத்தில். கேள்வி எளிது: முடிவெடுப்பவருக்கும் பயனடைபவருக்கும் உறவு இருந்தால் என்ன செய்ய வேண்டும்? புத்தகத்தின் விடை: முன்கூட்டியே வெளிப்படுத்த வேண்டும், உறவுக்காரர் முடிவிலிருந்து விலக வேண்டும். உலமிலாவின் விடை: 'எங்கள் நாட்டில் உறவை வெளிப்படுத்த ஆரம்பித்தால் கையெழுத்துப் போட ஆள் மிஞ்சாது.'

பேராசிரியர் சிவப்பு மையில் கீழே எழுதியிருந்தார்: 'உண்மை. ஆனாலும் விடை தவறு.'

சண்டை போட அவருடைய அறைக்கே போனாள். அவரும் அவளோடு ஒத்துப்போனார், ஆனால் மதிப்பெண்ணை மாற்றவில்லை. உண்மையாகவும் இருந்து தவறாகவும் இருப்பது எப்படி என்று பஸ்ஸில் வீடு போய்ச் சேரும்வரை யோசித்தாள். பிடிபடவில்லை. முள் மட்டும் உள்ளேயே தங்கிவிட்டது.

4

இந்த வருடம் சுவாவில் புதுப் பட்டதாரியை ஆய்வாளராக எடுக்கிற நிறுவனம் ஒன்றுதான். இடமும் ஒன்றுதான். அது எந்த நிறுவனம் என்று நீங்கள் ஊகித்திருப்பீர்கள். (ஊகிக்காதவர்களுக்கு: பந்து, பணம், டை. டை கட்டியவன் இப்போது ஆக்லாந்தில் இருக்கிறான், அவனைத் தேட வேண்டாம்.)

பள்ளியில் அவள் இடத்துக்கு இருபத்தாறு வயதுப் பெண் வந்துவிட்டாள். மாகாண அணியில் ஆடுகிறவள். திரும்பிப் போக வழியில்லை. இதுவும் கைவிட்டுப் போனால் அடுத்த வருடம் உலமிலாவுக்கு ஒரு வயது கூடும். போட்டியாளர்களுக்குக் கூடாது. ஒவ்வொரு வருடமும் இருபத்திரண்டு வயதுக்காரர்கள் புதிதாக வந்துகொண்டே இருக்கிறார்கள், எங்கிருந்துதான் வருகிறார்களோ.

எனவே ஒத்திகை. இடம்: நூலகப் படிக்கட்டு. நடத்துபவர்: பிரஷ்னீல்.

"மூணே விதி டீச்சர். சிரிக்கணும். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லணும். திருப்பிக் கேள்வி கேக்கக் கூடாது."

"ஏன்?"

"பாத்தீங்களா!"

"சரிடா. கேளு."

"இன்னும் அஞ்சு வருஷத்துல உங்கள எங்க பாக்கறீங்க?"

"அஞ்சு வருஷத்துல எனக்கு அம்பத்து மூணு. உன்ன எங்க பாக்கறேன்னு கேளு, கரெக்டா சொல்றேன்."

"டீச்சர், விளையாடாதீங்க. வயசப் பத்திச் சுத்தி வளைச்சுக் கேப்பாங்க. நான் குறுகிய காலப் பத்திரம் மாதிரி, சீக்கிரமே முதிர்ச்சியடைஞ்சு பலன் குடுப்பேன்னு சொல்லுங்க."

"முதிர்ந்தாச்சுடா," என்றாள் உலமிலா. "பலன்தான் பாக்கி."

படிக்கட்டில் இறங்கும்போது அவன் மறுபடி சொன்னான்: "மூணாவது விதி ஞாபகம் இருக்கட்டும். அங்க நீங்க கேள்வி கேக்காதீங்க."

இந்த இடத்தில் ஒரு முன்னெச்சரிக்கை வாக்கியம் போடலாம் என்று பார்த்தேன். 'ஆனால் விதி வேறு விதமாக...' வேண்டாம். நீங்கள் அவ்வளவு மக்கு இல்லை. அவள் கேட்கத்தான் போகிறாள்.

5

தேர்வறையில் இரண்டு பேர். ஒருவர் லியான், பிரிஸ்பேன் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த பெண்மணி. ஏசிக் குளிருக்குக் கம்பளிச் சட்டை போட்டிருந்தார். இன்னொருவர் சுவா கிளையின் தலைவர் ஜொலாமே. ஆள் அலமாரி மாதிரி. சாம்பல் நிறக் கோட்டு, அதே நிறத்தில் முழங்கால்வரை வேட்டி மாதிரி சுற்றிய சுலு, பளபளக்கும் செருப்பு. மூலையில் அவருடைய பெரிய கறுப்புக் குடை சொட்டிக்கொண்டிருந்தது.

உலமிலா உட்கார்ந்தாள். விதிப்படி சிரித்தாள். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. லியான் குனிந்து எதையோ எழுதிய சின்ன இடைவெளியில், தும்மல் மாதிரி அது வெளியே வந்துவிட்டது.

"நீங்க எந்த ஊர்?"

அவளைக் குறை சொல்ல முடியாது. இங்கே நம் ஆட்கள் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து ஊர் கேட்காமல் இருப்பது, சாப்பாட்டுக்கு முன்னால் கண்ணை மூடி ஜெபிக்காமல் இருப்பது மாதிரி. வயிறு நிறையும், மனசு ஒட்டாது.

"நாலோமா," என்றார் ஜொலாமே. "நீங்க?"

அப்போதாவது பொய் சொல்லியிருக்கலாம்.

"வுனிகுரா."

ஜொலாமே பேனாவைக் கீழே வைத்தார். நிதித்துறையில் பல வருடம் பாடுபட்டுச் சேர்த்த முகம் ஒரே நொடியில் கலைந்தது.

"வுனிகுராவா! உங்க ஊர்ல படிக்கவெல்லாம் செய்வாங்களா? யாரு சொல்லிக் குடுத்தா, மீனா?"

"நாலோமாக்காரனுக்குக் கணக்கு வேற வருமா?" என்றாள் உலமிலா. நாக்கு தானாக ஓடியது. "மொத மொதல்ல கடலப் பாத்துட்டு, இவ்ளோ பெரிய ஆத்த யாரு தொறந்து விட்டதுன்னு கேட்ட ஊருதானே?"

"அதுல குளிக்காத ஊரு உங்களுது!"

லியான் நிமிர்ந்தார். "எல்லாம்... சரியா இருக்கா?"

எல்லாம் மிகச் சரியாக இருந்தது. அதுதான் சிக்கல்.

(குறிப்பு, வெளியூர் வாசகருக்கு: நாலோமா மலையில் இருக்கிறது, வுனிகுரா கடற்கரையில். இரண்டு ஊரின் ஆதி தெய்வங்களும் அண்ணன் தம்பி. அதனால் இரண்டு ஊர்க்காரர்களும் ஒருவருக்கொருவர் தௌவு. தௌவுக்கு இரண்டு முறை உண்டு. ஒன்று, பார்த்தவுடன் கிண்டல் செய்ய வேண்டும், கோபிக்கிறவர் தோற்றவர். இரண்டு, ஒருவர் பொருளை மற்றவர் எடுத்துக்கொள்ளலாம், கேட்டால் கொடுத்தாக வேண்டும். போன தலைமுறையில் ஒரு நாலோமாக்காரர் வுனிகுராவில் கட்டிக் கிடந்த பன்றியைப் பார்த்து அழகாயிருக்கிறது என்றார். பன்றி மலையேறியது. அடுத்த கிறிஸ்துமஸுக்கு வுனிகுராக்காரர்கள் போய் ஒரு வீட்டின் சமையலறைக் கதவைக் கழற்றிக்கொண்டு வந்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள். கதவில்லாத வீட்டுக்காரி மட்டும் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தாள்.)

தேர்வு தொடர்ந்தது. பத்திரங்கள் பற்றி, வட்டி ஏறினால் விலை ஏன் இறங்கும் என்பது பற்றி. உலமிலா சரியாகவே சொன்னாள். ஒன்றில் தடுமாறி, திருத்திக்கொண்டாள். ஜொலாமே ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். ஆட்ட ஆட்ட அவள் அந்தத் தலையையே பார்த்தாள். இந்தத் தலை விடைக்கு ஆடுகிறதா, ஊருக்கு ஆடுகிறதா?

லியான் தாளை மூடினார். "நல்லது உலமிலா. எல்லார்கிட்டயும் கேக்கறதுதான், கடைசிக் கேள்வி. இந்த வேல உங்களுக்கு வேணுமா?"

வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள்.

வேணும் என்றால் கேட்டதாக ஆகும். கேட்டால் ஜொலாமே கொடுத்தாக வேண்டும். கிளைத் தலைவர் ஜொலாமே இல்லை, நாலோமா ஜொலாமே. அவருக்கும் அது தெரிந்திருந்தது. மேசையை அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தார், மேசையில் பேனாவையும் அவருடைய காப்பிக் கோப்பையையும் தவிர ஒன்றுமில்லை. நாற்காலி கிடைத்துவிடும். ஆனால் தினமும் காலையில் அதில் உட்காரும்போது, இது தான் படித்து வாங்கியதா, இல்லை, என்றைக்கோ இரண்டு தெய்வங்கள் அண்ணன் தம்பியாகப் பிறந்ததற்காகக் கிடைத்ததா என்று அவளுக்குத் தெரியவே தெரியாது. பந்தைப் பார்த்துக்கொள்ளச் சொன்னவனுக்கு எப்படிப் பதில் சொல்வது? வேண்டாம் என்றாலோ, நேரே பஸ் நிலையம்.

உண்மை. ஆனாலும் தவறு. முள் இப்போதுதான் குத்தியது.

(முதல் பிரதியில் இந்த இடத்தில் உலமிலா கைப்பையிலிருந்து விசிலை எடுத்து ஊதினாள். எனக்கு மிகவும் பிடித்த பத்தி. அவள் படித்துவிட்டு, "எனக்கென்ன கிறுக்கா? ஏசி ரூம்ல யாராவது விசில் ஊதுவாங்களா? எடு அத," என்றாள். எடுத்துவிட்டேன். விசில் பையிலேயே இருக்கிறது.)

"லியான், நான் ஒண்ணு வெளிப்படுத்தணும்," என்றாள். "இவரு எனக்குத் தௌவு. எங்க ரெண்டு ஊருக்கும் அப்படி. நான் எதக் கேட்டாலும் இவரு குடுத்தாகணும், இல்லன்னு சொல்ல முடியாது. அதனால இவர வச்சுக்கிட்டு நான் இந்த வேலையக் கேக்க முடியாது."

லியான் ஜொலாமே பக்கம் திரும்பினார். "நெஜமாவா?"

"நெஜந்தான்," என்றார் ஜொலாமே, கொஞ்சம் வெட்கத்தோடு. "போன மாசம் பஸ்ல ஒரு வுனிகுராக்காரன் என் மழைக்கோட்டக் கேட்டு வாங்கிட்டுப் போயிட்டான். பேருகூடத் தெரியாது."

"அப்ப நான் என்ன பண்றது? கேக்காதவங்களுக்கு எப்படி வேல குடுக்கறது?"

உலமிலா ஜொலாமேயை நேராகப் பார்த்தாள். "ஆனா உங்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கலாம்."

"கேளு."

"எந்திரிச்சு வெளிய போ."

"ஏய், இது என் ஆபீஸு."

"கேட்டுட்டேன்."

அலமாரி எழுந்தது. காப்பிக் கோப்பையைக் கையில் எடுத்தது.

"அது இருக்கட்டும்," என்றாள்.

கோப்பை மேசைக்குத் திரும்பியது. ஜொலாமே மூலையைப் பார்த்தார்.

"குடையும்."

ஜொலாமே போனார். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம், வீட்டுப்பாடம் எழுதாமல் வந்தவனைப் போல, கைகளை முன்னால் கட்டிக்கொண்டு நின்றார். உலமிலா அவருடைய காப்பியில் ஒரு வாய் குடித்தாள். "சீனியே போடல, மலைக்காரன்," என்றாள். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு லியானைப் பார்த்தாள்.

"இப்பக் கேளுங்க."

லியான் கேட்டார். "இந்த வேல உங்களுக்கு வேணுமா?"

"வேணும்," என்றாள் உலமிலா. "எங்க பணம் எங்க உழைக்குதுன்னு உங்க ஆள் ஒருத்தர்கிட்ட ஒரு தடவ கேட்டேன். பந்தப் பாத்துக்கங்கன்னாரு. எனக்கு ரெண்டையும் பாக்க வரும். ரொம்ப நாள் இருப்பேனான்னு நெனைக்கிறீங்க, தெரியுது. இருக்கற வரைக்கும் கேள்வி கேப்பேன். உங்களுக்கு நான் தௌவு இல்ல. நீங்க இல்லன்னு சொல்லலாம். அதனாலதான் உங்ககிட்ட கேக்கறேன்."

லியான் கம்பளிச் சட்டையின் கையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்

6

சொன்னது இதுதான்: "வெள்ளிக்கிழமை சொல்றோம்."

எனக்கும் ஏமாற்றம்தான். ஆனால் அலுவலகங்கள் அப்படித்தான் பேசும், அவற்றுக்கு உச்சக்கட்டம் தெரியாது. வெள்ளிக்கிழமை இன்னும் வரவில்லை. பத்திரிகை வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஆகவே நான் மூன்று முடிவுகளை எழுதிக்கொண்டு போய் உலமிலாவிடம் காட்டினேன்.

முதல் முடிவில் வேலை கிடைக்கிறது. "நல்லாருக்கு," என்றாள். "எடுத்துடு. அத அந்தம்மா குடுக்கணும். நீ குடுத்தா நீயும் நாலோமாக்காரன் ஆயிடுவ."

இரண்டாம் முடிவில் கிடைக்கவில்லை. மழையில் தனியாக நிற்கிறாள். பிரஷ்னீல் எட்டிப் பார்த்து, "சோகமா இருந்தா பரிசு குடுப்பாங்க," என்றான். உலமிலா, "என்ன நனைய வச்சு நீ பரிசு வாங்குவியா? எங்கிட்டதான் குட இருக்கே," என்றாள்.

மூன்றாவதில் ஜொலாமே திரும்ப உள்ளே வருகிறார், உலமிலா விசிலை எடுக்கிறாள். அவள் என்னைப் பார்த்த பார்வையில் நானே அந்தத் தாளைக் கிழித்தேன்.

"உண்மையில அப்புறம் என்னதான் ஆச்சு?" என்றேன்.

"என்ன ஆச்சு, எறங்கி வந்தேன். மழை கொட்டுது. அவன் குடைய விரிச்சேன். மாடி ஜன்னலத் தொறந்து கத்தறான், 'வுனிகுராத் திருடி! மீனுக்கெதுக்குக் குட?'ன்னு. ரோட்ல எல்லாரும் பாக்கறாங்க." சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, "கேட்டுட்டேன்டா," என்றாள். "அது போதும்னு பொய் சொல்ல மாட்டேன். போதாது. ஆனா கேட்டுட்டேன்."

இனி உங்களிடம் வருகிறேன். முதல் பகுதியிலிருந்தே உங்களைச் சீண்டிக்கொண்டு வருகிறேன். மெதுவாகத்தான் புரியும் என்றேன், மக்கு இல்லை என்று சொல்லும் சாக்கில் அந்தச் சொல்லையும் உங்கள் முன்னால் வைத்தேன். உங்கள் நேரத்தையும் கேட்காமல் எடுத்துக்கொண்டேன். நீங்கள் கோபித்துக்கொண்டு பக்கத்தைப் புரட்டவில்லை. இங்கே அப்படிப்பட்ட உறவுக்கு ஒரு பெயர் இருக்கிறது, உங்களுக்கே இப்போது தெரியும்.

எனவே, முடிவு என்ன என்று தயவுசெய்து என்னிடம் கேட்காதீர்கள். கேட்டால் கொடுத்தாக வேண்டும், என்னிடமோ அது இல்லை. வெள்ளிக்கிழமை மேசைமேல் இருக்கிறது. வேண்டிய முடிவை எடுத்துக்கொள்ளுங்கள். மூலையில் இருந்த குடையை மட்டும் தொடாதீர்கள். அது இப்போது உலமிலாவுடையது.